ஃபெண்டர் ஃப்ளேரை எதைக் கொண்டு பூட்டுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கரடுமுரடான பாதைகளுக்காக அகல டயர் மாட்டியவர்கள் அடுத்துத் தேடுவது ஃபெண்டர் ஃப்ளேர். சக்கர வளைவின் மேல் புருவம் போல நீட்டி நின்று, டயர் வாரியடிக்கும் சேற்றையும் கல்லையும் வண்டியின் உடம்பில் படாமல் தடுக்கும் பட்டை அது. ஃப்ளேரைத் தேர்ந்தெடுக்க ஒரு வாரம் செலவழிப்பவர்கள், அதைப் பிடித்து நிறுத்தும் போல்ட்டுக்கு ஐந்து நிமிடம்கூடத் தருவதில்லை. துருவும் விரிசலும் கடகட சத்தமும் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகின்றன.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், எந்த போல்ட் வாங்கட்டும்?

எஃகு உடம்பு, ஏபிஎஸ் பிளாஸ்டிக் ஃப்ளேர், தகட்டின் பின்பக்கம் கை நுழைகிறது என்றால்: எம்6 அளவு (மரையின் விட்டம் 6 மில்லிமீட்டர்) ஸ்டெயின்லெஸ் போல்ட், இருபக்கமும் அகல வாஷர், நைலாக் நட்டு, அதாவது உள்ளே நைலான் வளையம் வைத்த, எளிதில் கழலாத நட்டு. கை நுழையாத இடத்தில் ரிவ்நட்டு, முன்பக்கத்திலிருந்தே தகட்டில் கவ்வவைக்கும் மரைக் குழல். முக்கால்வாசி வண்டிகளுக்கு இது போதும். ஆனால் இதை மட்டும் படித்துவிட்டு டிரில்லைக் கையில் எடுக்காதீர்கள். போல்ட்டை விட அது நுழையும் துளைதான் பிரச்சினை செய்யும்.

பாறையிலும் மரத்திலும் உரசும் வண்டி. இன்னும் தடித்த போல்ட் வேண்டாமா?

வேண்டாம். ஏ2-70 தரத்து ஸ்டெயின்லெஸ் எம்6 போல்ட் ஒன்று அறுந்துபோக ஏறக்குறைய 14,000 நியூட்டன் இழுவிசை வேண்டும். அதாவது ஒரே போல்ட்டில் ஒரு டன்னுக்கு மேல் தொங்கவிடலாம். ஃப்ளேருக்கு எட்டு, பத்து போல்ட் போடுகிறோம். போல்ட் அறுவதற்கு வெகு முன்பே பிளாஸ்டிக் கிழிந்துவிடும், அல்லது 0.7, 0.8 மில்லிமீட்டர் தடிமனே உள்ள ஃபெண்டர் தகடு மடங்கிவிடும்.

ஆகவே கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். மரத்தில் ஃப்ளேர் மாட்டிக்கொண்டு வண்டி நகர்கிறது, ஏதோ ஒன்று விட்டுக்கொடுத்தாக வேண்டும். எது விட்டுக்கொடுக்கலாம்? என் வரிசை இது: முதலில் பூட்டு, அடுத்து ஃப்ளேர், கடைசியில்தான் தகடு. பூட்டு போனால் சில்லறைச் செலவு. ஃப்ளேர் போனால் வருத்தம். தகடு போனால் ஒடுக்கெடுத்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடிக்க வேண்டும். இந்தக் கணக்கில் எம்8 போல்ட் போடுவது பாதுகாப்பு அல்ல, தகட்டைப் பலியிடும் ஏற்பாடு. குறுகலான காட்டுப் பாதைகளிலேயே ஓட்டுபவர்கள் சிலர் வேண்டுமென்றே நைலான் போல்ட் போடுகிறார்கள். மாட்டினால் பட்டென்று ஒடிந்துவிடும், புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். விவரம் தெரிந்த வேலை அது.

ஃப்ளேரோடு வந்த பெட்டியில் தகட்டு ஸ்குரூதான் இருந்தது. அதையே போடலாமா?

மிதமான சாலைக்குப் போடலாம். ஆனால் அந்த ஸ்குரூ தகட்டில் எப்படிப் பிடிக்கிறது என்று ஒருமுறை யோசியுங்கள். 4.2 மில்லிமீட்டர் ஸ்குரூவில் ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடைவெளி 1.4 மில்லிமீட்டர். தகடோ 0.7. ஒரு முழு மரைகூட உலோகத்தைக் கவ்வுவதில்லை, பாதிதான். நல்ல சாலையில் அது நிற்கும். கற்களில் ஆயிரக்கணக்கான தடவை குலுங்கும்போது துளை மெல்ல அகன்று, ஸ்குரூ சும்மா சுற்ற ஆரம்பிக்கும். அடுத்து எல்லோரும் செய்வது ஒரு அளவு பெரிய ஸ்குரூ. அதற்கடுத்து இன்னும் பெரியது. மூன்றாவது சுற்றில் தகட்டில் மிஞ்சுவது ஓட்டை மட்டும்.

இன்னொன்று. அந்த ஸ்குரூவின் கூர்முனை பெயின்ட்டைக் கிழித்துக்கொண்டே நுழைகிறது. மரை வெட்டிய இடமெல்லாம் பெயின்ட் இல்லாத வெற்று உலோகம், அதுவும் சேறு தெறிக்கும் பக்கம். துருவுக்கு விருந்து வைப்பது போலத்தான்.

பின்பக்கம் கை எட்டவே எட்டாது. நட்டு எப்படிப் போடுவது?

பின்சக்கர வளைவில் இது சகஜம். அங்கே தகடு இரட்டை அடுக்கு, நடுவில் வெற்றிடம். மூன்று வழிகள் உண்டு.

ரிவ்நட்டு முதல் வழி. உள்ளே மரையுள்ள குழல் போன்ற துண்டு. துளையில் செருகி அதற்கான கருவியால் இழுத்தால் பின்னால் புடைத்துத் தகட்டைக் கவ்விக்கொள்ளும். எம்6 ரிவ்நட்டுக்குப் பெரும்பாலும் 9 மில்லிமீட்டர் துளை வேண்டும். பெட்டியில் எழுதியிருப்பதையே பின்பற்றுங்கள், கால் மில்லிமீட்டர் பெரிதானாலும் பிடிப்பு குறையும். வழவழப்பான உடம்பு உள்ளதை வாங்காதீர்கள். போல்ட் இறுகிப்போன ஒரு நாள் அது போல்ட்டோடு சேர்ந்து சுற்றும், கழற்றவும் முடியாது இறுக்கவும் முடியாது. வரிகள் உள்ள உடம்போ அறுகோண உடம்போ பார்த்து எடுங்கள். தகட்டுத் தடிமன் வரம்பு 0.5 மில்லிமீட்டரிலிருந்து தொடங்குகிறதா என்பதையும் பாருங்கள். கழிவுத் தகட்டில் நாலைந்து போட்டுப் பழகிய பிறகே வண்டிக்குப் போங்கள். முதல் ரிவ்நட்டை யாரும் சரியாக இழுத்ததில்லை, நானும்தான்.

இரண்டாவது, வெல்நட்டு. ரப்பர் உருளைக்குள் பித்தளை மரை. போல்ட்டை இறுக்க இறுக்க ரப்பர் பின்னால் உப்பும். அதிர்வை விழுங்கும், தண்ணீர் விடாது, துருவும் பிடிக்காது. ஆனால் பலமாக இறுக்க முடியாது, ரப்பர் நாளடைவில் தளரும். மென்மையான ஃப்ளேர்களுக்கு ஏற்றது.

மூன்றாவது, தகட்டின் விளிம்பில் செருகும் கிளிப் நட்டு. மலிவு, சுலபம், கெட்டுப்போனால் பிடுங்கி வேறு போடலாம். ஒரே நிபந்தனை, துளை விளிம்புக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். சக்கர வளைவின் உள்மடிப்பில் பூட்டும் ஃப்ளேருக்கு ரிவ்நட்டை விட இதையே நான் விரும்புவேன்.

கோடையில் ஃப்ளேர் போல்ட்டுகளுக்கு நடுவே அலை அலையாகப் புடைக்கிறது. மட்டமான சரக்கா?

சரக்கின் மேல் பழி போடும் முன் துளைகளைப் பாருங்கள். என் முதல் வண்டியில் இதே கதைதான். பத்து துளையும் போல்ட்டுக்குக் கச்சிதமாக, இம்மி இடம் விடாமல் போட்டிருந்தேன், அதில் பெருமை வேறு. முதல் கோடையில் அலை அலையாய்ப் புடைத்தது. குளிர் வந்தபோது கடைசித் துளையிலிருந்து விளிம்பு வரை விரிசல் ஓடியது.

காரணம் எளிய கணக்கு. ஒரு மீட்டர் நீள ஏபிஎஸ், வெப்பம் 40 டிகிரி ஏறினால் சுமார் 3 மில்லிமீட்டர் நீளும். அதே நீள எஃகு அரை மில்லிமீட்டர்தான் நீளும். சக்கர வளைவைச் சுற்றிவரும் ஃப்ளேர் ஒரு மீட்டரைத் தாண்டும். கறுப்பு பிளாஸ்டிக் வெயிலில் நின்றால் 70 டிகிரியைத் தொடுவது பெரிய விஷயமில்லை. நீண்ட பிளாஸ்டிக் எங்கே போகும்? பக்கவாட்டில் வழி இல்லையென்றால் வெளியே புடைக்கும். குளிரில் சுருங்கும்போது போல்ட் விடாமல் பிடித்திருந்தால் கிழியும்.

தீர்வு துளையில் இருக்கிறது. நடு உச்சியில் உள்ள ஒரு துளை மட்டும் போல்ட்டுக்குக் கச்சிதமாக இருக்கட்டும், எம்6-க்கு ஆறரை மில்லிமீட்டர். அதுதான் நங்கூரம். மற்றவற்றை வளைவின் திசையில் நீள்துளையாக அரத்தால் இழுத்துவிடுங்கள், அல்லது 8 மில்லிமீட்டராகப் பெரிதாக்குங்கள். பெரிதாக்க வேண்டியது ஃப்ளேரின் துளையை, தகட்டின் துளையை அல்ல. மேலே அகல வாஷர் மூடிக்கொள்ளும், வெளியே தெரியாது. எம்6 அகல வாஷரின் வெளிவிட்டம் 18 மில்லிமீட்டர், சாதாரண வாஷருக்கு 12. ஆங்கிலம் பேசும் நாடுகளின் பட்டறைகளில் இந்த அகல வாஷருக்கே ஃபெண்டர் வாஷர் என்றுதான் பெயர்.

பாலியூரித்தேன், ரப்பர் ஃப்ளேர்கள் வளைந்து கொடுக்கும், விரிசல் பயம் குறைவு. ஃபைபர்கிளாஸ் வெப்பத்தில் ஏபிஎஸ் அளவுக்கு நீளாது, ஆனால் ஒரே இடத்தில் அழுத்தினால் நொறுங்கும். அதற்கும் அகல வாஷர் கட்டாயம்.

எவ்வளவு இறுக்க வேண்டும்?

நீங்கள் நினைப்பதை விடக் குறைவாக. எஃகோடு எஃகைச் சேர்க்கும் 8.8 தரத்து எம்6 போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் என்பது பரவலான அளவு. அதைப் பிளாஸ்டிக்கில் காட்டினால் வாஷர் குழிந்து இறங்கும். ஃப்ளேர் தயாரிப்பாளர் ஏதாவது எண் கொடுத்திருந்தால் அதுதான் சட்டம்.

எண் இல்லையென்றால் விரலை நம்புங்கள். இறுக்கத்தை எண்ணில் காட்டும் டார்க் ரெஞ்ச் இங்கே ஏமாற்றும், ஏனென்றால் நைலாக் நட்டு மரையில் ஏறும்போதே தன் பங்குக்கு முரண்டு பிடிக்கும். ரெஞ்ச் காட்டும் எண்ணில் பிடிப்பு எவ்வளவு, நைலானின் முரண்டு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. நான் செய்வது இப்படி: வாஷரை விரலால் சுற்றிப் பார்த்துக்கொண்டே இறுக்குவேன். அது சுற்றாமல் நின்றதும் கால் சுற்று, அதோடு சரி. ஃப்ளேருக்கும் தகட்டுக்கும் நடுவிலுள்ள ரப்பர் பட்டை லேசாக அமுங்கியிருக்க வேண்டும், பிதுங்கக் கூடாது. இம்பாக்ட் டிரைவரைப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள்.

மெனக்கெடத் தயார் என்றால் இன்னொரு வழி உண்டு. ஃப்ளேரின் பெரிதாக்கிய துளைக்குள், பிளாஸ்டிக்கின் தடிமனை விட மயிரிழை நீளமான உலோகக் குழல் துண்டைப் போடுங்கள். போல்ட் அந்தக் குழலை நன்றாக இறுக்கிப் பிடிக்கும், பிளாஸ்டிக் வாஷருக்கு அடியில் தாராளமாக நகரும். வண்டித் தயாரிப்பாளர்களே பிளாஸ்டிக் பாகங்களில் கையாளும் உத்திதான் இது.

குலுக்கலில் நட்டு கழலாமல் இருக்க லாக்டைட் போடட்டுமா?

ஏபிஎஸ் ஃப்ளேர் என்றால் போடாதீர்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். மரையில் விடும் அந்தத் திரவப் பசை ஏபிஎஸ், பாலிகார்பனேட் போன்ற பிளாஸ்டிக்குகளை அரிக்கும். இறுக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக்கில் ஒரு சொட்டு வழிந்தாலும் மெல்லிய விரிசல்கள் கிளம்பும். புட்டியோடு வரும் குறிப்புகளிலேயே பிளாஸ்டிக் பற்றிய எச்சரிக்கை இருக்கிறது, யாரும் படிப்பதில்லை. பிரேக் கிளீனரும் இதே ரகம், ஃப்ளேரைத் துடைக்க அதை எடுக்காதீர்கள்.

பசை இல்லாமல் பூட்ட நைலாக் நட்டு போதும். ஒருமுறை கழற்றினால் புதிது போடுவது உத்தமம். மலிவான பொருளில் கஞ்சத்தனம் வேண்டாம். ரிவ்நட்டில் நைலாக் கிடையாது என்பதால், மரையில் நைலான் பட்டை ஒட்டிவரும் போல்ட்டுகளை வாங்கலாம்.

ஸ்டெயின்லெஸ்ஸா, துத்தநாகம் பூசியதா?

ஸ்டெயின்லெஸ் என்றால் கூடுதல் பலம் என்று ஒரு நம்பிக்கை உண்டு. தவறு. ஏ2-70 போல்ட்டின் இழுவலிமை 700 மெகாபாஸ்கல், சாதாரண 8.8 எஃகு போல்ட்டுக்கு 800. ஸ்டெயின்லெஸ் வாங்குவது துருவுக்காக மட்டும்.

வறண்ட ஊர், அவ்வப்போது சேறு என்றால் துத்தநாகம் பூசியது சில ஆண்டு தாராளமாக ஓடும். கடற்காற்று, அல்லது பனிக்காலத்தில் உப்புத் தூவும் சாலை என்றால் ஸ்டெயின்லெஸ். அதிலும் ஏ4 ரகத்தில், அதாவது 316-இல், 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்பை நன்றாகத் தாங்கும். ஏ2 என்பது 304 ரகம், நம் வீட்டு எவர்சில்வர் பாத்திரத்தின் நெருங்கிய சொந்தம்.

ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் ஸ்டெயின்லெஸ் நைலாக் நட்டை வேகமாக ஏற்றினால் மரை சூடேறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிறகு ரம்பம்தான் வழி. மரையில் ஆன்டி-சீஸ் பேஸ்ட் கொஞ்சம் தடவி, கையால் மெதுவாக ஏற்றுங்கள்.

கறுப்பு ஃப்ளேருக்குக் கறுப்பு போல்ட் எடுப்பாக இருக்குமே?

இருக்கும். ஆனால் சாதாரண எஃகில் கறுப்பு ஆக்சைடு மட்டும் ஏற்றிய போல்ட் முதல் மழைக்காலத்திலேயே பழுப்பாகும், அந்த மெல்லிய படலம் துருவை அவ்வளவாகத் தடுக்காது. கறுப்பாக்கிய ஸ்டெயின்லெஸ் கேட்டு வாங்குங்கள்.

அலுமினிய உடம்பு வண்டி. அதற்கு வேறு முறையா?

ஆமாம். லேண்ட் ரோவரின் பழைய டிஃபென்டர், 2015 மாடலிலிருந்து வரும் ஃபோர்டு எஃப்-150 போன்றவற்றில் வெளித்தகடுகள் அலுமினியம். அலுமினியமும் ஸ்டெயின்லெஸ்ஸும் தொட்டுக்கொண்டு, நடுவே உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் சிறு மின்கலம் உருவாகிவிடும். அதில் கரைவது அலுமினியம். போல்ட்டைச் சுற்றிப் பெயின்ட் கொப்புளித்து, உள்ளே வெள்ளைப் பொடி சேரும். இரண்டையும் பிரித்து வைப்பதே மருந்து: நைலான் வாஷர், துளைக்குள் நைலான் குழல், மரையில் தாராளமாக கிரீஸ். சாதாரண எஃகு ரிவ்நட்டை அலுமினியத்தில் இழுக்காதீர்கள்.

எஃகு உடம்பில் ஸ்டெயின்லெஸ் போட்டால் இதே ஆபத்து வராதா என்று அடுத்துக் கேட்பார்கள். சிறிய போல்ட், சுற்றிலும் பரந்த தகடு என்பதால் அரிப்பு ஓரிடத்தில் தீவிரமாவதில்லை. ஆனால் துளை விளிம்பில் பெயின்ட் போயிருந்தால் அங்கே துரு நிச்சயம்.

போல்ட்டின் தலை எப்படி இருக்க வேண்டும்?

கூம்புத் தலை கூடாது. அது ஆப்பு மாதிரி பிளாஸ்டிக்கைப் பிளக்கும். ஆலன் கீ போடும் உருண்டைத் தலை அழகு, மரத்தில் மாட்டாது. ஆனால் 4 மில்லிமீட்டர் குழியில் சேறு காய்ந்து கல்லாகும், கீ வழுக்கிக் குழியும் வட்டமாகிவிடும். குழியில் கொஞ்சம் கிரீஸ் அடைத்து வைத்தால் பிழைக்கும். அடிக்கடி கழற்றுபவர்கள் 10 நம்பர் ஸ்பானர் போடும் அறுகோணத் தலையோடு சமாதானமாகப் போய்விடுங்கள். சில ஃப்ளேர்களில் வெளியே தெரியும் போல்ட் தலைகள் வெறும் அலங்காரம், உண்மையான பூட்டு உள்ளே இருக்கும் என்பதையும் கவனியுங்கள்.

நீளம் எவ்வளவு? நீளமாக வாங்கினால் எல்லாவற்றுக்கும் ஆகுமே?

ஆகும், டயரைக் கிழிக்கவும் ஆகும். சஸ்பென்ஷன் முழுதாக அமுங்கி, ஸ்டியரிங்கும் திரும்பியிருக்கும் நிலையில் டயர் ஃபெண்டரின் உட்புறத்தை எட்டிப் பார்க்கும். அங்கே போல்ட்டின் முனை நீட்டிக்கொண்டிருந்தால் டயரின் பக்கச் சுவர் கீறிப்போகும்.

கூட்டிப் பாருங்கள். பிளாஸ்டிக் 3.5, இரண்டு அகல வாஷர் 3.2, தகடு 0.8, நைலாக் நட்டு 6, வெளியே இரண்டு மரை 2. மொத்தம் 15.5 மில்லிமீட்டர். 16 மில்லிமீட்டர் போல்ட் ஒட்டிப் போகும், ரப்பர் பட்டையும் சேர்ந்தால் 20 வேண்டும். 30 எதற்கு? டயர் எட்டக்கூடிய இடத்தில் போல்ட்டைத் திருப்பி, தலை உள்பக்கமும் நட்டு வெளிப்பக்கமுமாகப் போடுங்கள். வெளியே தொப்பி நட்டு போட்டால் பார்வைக்கும் குறைவில்லை.

துளையே போடாமல் டேப்பால் ஒட்டிவிட முடியாதா?

குறுகலான, எடை குறைந்த ஃப்ளேர் என்றால் முடியும். 3எம் விஎச்பி போன்ற இருபக்க நுரை டேப் உண்மையிலேயே பலமானது, வெப்பத்தில் பிளாஸ்டிக் நகர்வதையும் அது அனுசரித்துப் போகும். நிபந்தனைகள்தான் அதிகம். தகட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் தண்ணீரும் கலந்து துடைக்க வேண்டும், மெழுகுப் பாலிஷ் ஒரு துளிகூட மிஞ்சக் கூடாது. ஒட்டும்போது 20 டிகிரிக்குக் குறையாத வெப்பம் இருந்தால் நல்லது. அழுத்தி ஒட்டிய பிறகு முழுப் பலம் ஏற 72 மணி நேரம் ஆகும். சனிக்கிழமை ஒட்டி ஞாயிற்றுக்கிழமை ஆற்றைக் கடந்தவர்கள் திங்கட்கிழமை புது ஃப்ளேர் தேடுவார்கள். பாலிபுரோப்பிலீன் கலந்த பிளாஸ்டிக்கில் ப்ரைமர் இல்லாமல் டேப் சரியாகப் பிடிக்காது.

பெரிய ஃப்ளேரை டேப்பில் மட்டும் நம்பி விடமாட்டேன். உள்ளே சேறு அப்பிக் கனக்கும்போது அது நுனியிலிருந்து உரிந்து வரும், டேப்புக்குப் பிடிக்காத இழுப்பு அதுதான். டேப்போடு கீழ்முனைகளில் இரண்டு போல்ட் சேர்ந்தால் நல்ல கூட்டணி.

பிளாஸ்டிக் கிளிப்? பாப் ரிவெட்?

கிளிப் மோசமில்லை. தொழிற்சாலையிலிருந்தே ஃப்ளேரோடு வரும் வண்டிகள் பலவற்றில் கிளிப்தான். பிய்ந்தால் தகட்டுக்குச் சேதமில்லை. வெயிலில் காய்ந்து மொறுமொறுவென்று ஆனவற்றைக் கழற்றினால் பாதி உடையும், உபரியாகப் பத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருமுறை இழுத்தால் நிரந்தரமாகக் கவ்வும் பாப் ரிவெட் வேகமான வேலை, ஆனால் ஒவ்வொரு முறை கழற்றவும் டிரில் வேண்டும். ரிவெட்டின் உடம்பு துளைக்குள் விரிந்து பிளாஸ்டிக்கைப் பிளக்கவும் செய்யும். பந்தய வண்டிக்குச் சரி.

துளை போட்ட இடத்தில் துரு வராமல் காப்பது எப்படி?

ஃப்ளேரை வைத்து, டேப்பால் தற்காலிகமாக ஒட்டி, நாலு எட்டு தள்ளி நின்று பாருங்கள். மறுபக்கத்தோடும் ஒப்பிடுங்கள். டிரில்லை எடுக்கும் முன் பின்னால் என்ன இருக்கிறது என்று லைனரை, அதாவது சக்கர வளைவின் உள்உறையை, கழற்றிப் பாருங்கள்: பின்பக்கத்தில் பெட்ரோல் நிரப்பும் குழாய், விளக்கு ஒயர்கள். பிறகு நடுத் துளை முதலில், அதைப் பூட்டிவிட்டு, இரு பக்கமும் மாறி மாறிக் கீழே இறங்குங்கள். எல்லாத் துளையையும் ஒரே மூச்சில் போட்டால் கடைசி இரண்டு நிச்சயம் பொருந்தாது.

துளை போட்டதும் பிசிறை எடுங்கள். உலோகத் தூளை ஊதித் தள்ளுங்கள், உள்ளே தங்கிய தூள்தான் முதலில் துருப்பிடிக்கும். விளிம்பில் துத்தநாக ப்ரைமர், அது காய்ந்ததும் டச்-அப் பெயின்ட், அதுவும் காய்ந்த பிறகே போல்ட். ஈரப் பெயின்ட்டில் வாஷரை இறுக்கினால் பூசியதெல்லாம் வழித்துக்கொண்டு போய்விடும். ஃப்ளேரின் விளிம்பில் ரப்பர் பட்டை கண்டிப்பாக வேண்டும். அது இல்லையென்றால் உள்ளே புகுந்த மணல் உப்புத்தாள் மாதிரி தேய்த்து, ஒரே பருவத்தில் பெயின்ட்டைத் தாண்டி உலோகத்தைத் தொட்டுவிடும்.

பழைய ஃப்ளேரின் போல்ட் துருவேறி அசையவில்லை. நட்டும் சேர்ந்தே சுற்றுகிறது.

முந்தின இரவே மரையில் துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள், பிளாஸ்டிக்கில் வழியாமல். காலையில் முதலில் இறுக்கும் திசையில் ஒரு சிறு அசைவு, பிறகு கழற்றும் திசை. நட்டு சுற்றினால் பின்னாலிருந்து லாக்கிங் பிளையரால் கவ்வுங்கள். அது எட்டாவிட்டால் போராடாதீர்கள், போல்ட்டின் தலையை டிரில்லால் துளைத்து எடுத்துவிடுங்கள். ஃப்ளேர் கழன்று வரும், மிச்சத்தை நிதானமாகப் பார்க்கலாம். தீ வைத்துச் சூடாக்கும் யோசனையை மறந்துவிடுங்கள், பக்கத்தில் பெயின்ட்டும் பிளாஸ்டிக்கும் மட்டுமல்ல, சில வண்டிகளில் எரிபொருள் குழாயும் இருக்கிறது. பழைய துளை அகன்றுபோயிருந்தாலும் 9 மில்லிமீட்டரைத் தாண்டாதவரை அதையே ரிவ்நட்டுக்கான அளவுக்குப் பெரிதாக்கிக்கொள்ளலாம், வேறிடத்தில் துளைக்க வேண்டியிருக்காது.